கடலில் பிறக்காத சுண்ணாம்புக்கல்

உலகில் உள்ள சுண்ணாம்புக்கல்லில் மிகப் பெரும்பகுதி கடலடியில் உருவானது. சிப்பி, பவளம், நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் ஓடுகளும் கடல்நீரிலிருந்து நேரடியாகப் படிந்த சேறும் இறுகிக் கல்லாயின. சிறிய பகுதி ஒன்று மட்டும் நிலத்திலேயே பிறந்தது. ஏரியின் அடியில் படிந்த வெண்சேறு, ஊற்று வாயைச் சுற்றி அடுக்கடுக்காக வளர்ந்த கல், குகைக் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது, மண்ணுக்குள் முண்டும் முடிச்சுமாக விளையும் சுக்கான் கல் ஆகிய நான்கும் இந்த இனம். கிணறு வெட்டும்போது மண்ணுக்குக் கீழே கடப்பாரைக்கு எளிதில் மசியாத வெளிறிய அடுக்காகக் குறுக்கிடும் சுக்காம்பாறை, கோவை வட்டார உழவர்களுக்குப் பழக்கமானது. வட இந்தியாவில் இதற்குக் கங்கர் என்று பெயர். புவியியலாளர்கள் கால்கிரீட் என்பார்கள். அந்தச் சொல்லை 1902இல் உருவாக்கியவர் ஆங்கிலேயப் புவியியலாளர் ஜார்ஜ் வில்லியம் லாம்ப்ளூ.

நிலத்துச் சுண்ணாம்புக்கல்லின் வரலாறு 270 கோடி ஆண்டுகள் பின்னோக்கி நீள்கிறது. நிலத்தாவரங்களுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. ஆகவே இந்தக் கல் தன் வரலாற்றில் ஐந்தில் நான்கு பங்கைச் செடி இல்லாத உலகில் கழித்திருக்கிறது. செடிகள் வந்த பிறகு இது எங்கே விளைகிறது, எவ்வளவு விளைகிறது, இதில் உள்ள கார்பன் எங்கிருந்து வருகிறது ஆகிய மூன்றும் மாறின.

கரைவதும் படிவதும்

நான்கு வகைக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றே. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வீரியம் குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. அந்த நீர் பாறைகளை மெல்ல அரித்து, அவற்றில் உள்ள கால்சியத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. நீரில் கரியமில வாயு நிறைந்திருக்கும்வரை கால்சியம் கரைந்தே இருக்கும். வாயு வெளியேறினாலோ, நீர் ஆவியானாலோ, கரைசலில் தாங்காத கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படியும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் வெள்ளைப் பொருக்கு இதே வழியில்தான் உண்டாகிறது.

நீருக்குள் வாழும் பச்சை உயிர்கள் ஒளிச்சேர்க்கைக்காகக் கரியமில வாயுவை உறிஞ்சும்போதும் இதுவே நடக்கும். அந்த உயிரைச் சுற்றியுள்ள நீரில் வாயு குறைந்து, அதன் உடம்பின் மேலேயே சுண்ணாம்பு படியும்.

எனவே நிலத்தில் சுண்ணாம்புக்கல் உருவாக இரண்டு சூழல்கள் அடுத்தடுத்து அமைய வேண்டும். முதலாவதில் நீருக்கு நிறைய வாயு கிடைத்துப் பாறை கரைய வேண்டும். இரண்டாவதில் அந்த வாயு நீரைவிட்டு நீங்க வேண்டும். இன்று முதல் வேலையைப் பெரும்பாலும் மண் செய்கிறது. வேர்கள் மூச்சுவிடுவதாலும் இலைதழைகள் மக்குவதாலும் மண்ணிடுக்குகளில் உள்ள காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைப் போலப் பத்து மடங்கு முதல் நூறு மடங்குவரை இருக்கும். அந்த மண்ணின் வழியே இறங்கும் நீர் கல்லைக் கரைக்கும் ஆற்றல் பெறுகிறது. பின்னர் குகையிலோ ஊற்று வாயிலோ திறந்த காற்றைச் சந்திக்கும்போது, கூடுதல் வாயுவை உதறிவிட்டுச் சுண்ணாம்பை இறக்கிவைக்கிறது.

செடிக்கு முந்தைய நிலம்

செடி இல்லாத காலத்தில் இந்த ஏற்பாடு வேறாக இருந்தது. அன்றைய வளிமண்டலத்திலேயே கரியமில வாயு இன்றைவிடப் பல மடங்கு மிகுதி. மழை விழும்போதே அமிலத்தன்மையுடன் விழுந்தது, பாறையும் கரைந்தது. ஆனால் மண்ணுக்குள் இருந்த காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே இன்று காணப்படும் பெரிய வேறுபாடு இல்லை. மண்ணிலிருந்து வெளிப்படும் நீர் சட்டென்று வாயுவை இழப்பதற்கு அதனால் வாய்ப்புக் குறைவு. எரிமலைப் பகுதிகளில் ஆழத்திலிருந்து வரும் வெந்நீர் மட்டும் விதிவிலக்கு. அது வாயுவைத் தானே சுமந்து வந்தது. மற்ற இடங்களில் ஆவியாதலும் நுண்ணுயிர்களுமே சுண்ணாம்பைப் படியவைத்தன.

கிடைத்துள்ள எச்சங்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபோர்டெஸ்க்யூ பாறைத் தொகுதியைச் சேர்ந்த தும்பியானா படிவுகள் சுமார் 272 கோடி ஆண்டுப் பழமையானவை. எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே உள்ள இவற்றில் ஸ்ட்ரோமடோலைட்டுகள் ஏராளம். நுண்ணுயிர்ப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து, சுண்ணாம்பையும் மணலையும் பிடித்துவைத்து, முட்டைக்கோசு இதழ்களைப் போல அடுக்கிய கல்மேடுகள் இவை. பல ஆய்வாளர்கள் இந்தப் படிவுகளை ஏரியில் உருவானவையாகக் கொள்கிறார்கள். கடலின் தொடர்பு இருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் பெச்செங்கா பகுதியில், 200 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஏரிப் படிவுகளுக்கு இடையே வெந்நீர் ஊற்றுக் கல் கிடைத்திருக்கிறது. டிராவர்டைன் எனப்படும் ஊற்றுக் கல்லின் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியின் தென்கரையில், மிச்சிகன் மாநிலத்துக் காப்பர் ஹார்பரில் இன்னும் தெளிவான காட்சி உண்டு. சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்தில் ஆறுகள் உருட்டிக் குவித்த கூழாங்கற்கள் அங்கே சிவந்த பாறையாக இறுகியுள்ளன. சில இடங்களில் தலையளவுக் கூழாங்கற்களின் மேல் போர்வை போர்த்தியதுபோல் ஸ்ட்ரோமடோலைட்டுகள் வளைந்து படர்ந்திருக்கின்றன. கல் நீரில் கிடந்தபோது நுண்ணுயிர்ப் படலம் அதன் மேல் ஒட்டி வளர்ந்து, கல்லின் வளைவையே தன் வடிவமாக்கிக்கொண்டது. அதே பாறைத் தொகுதியில், மண்ணிடுக்குகளில் சுண்ணாம்பு படிந்து மணலைப் பிணைத்த பழைய கால்கிரீட்டும் இனங்காணப்பட்டுள்ளது. வேரே இல்லாத உலகிலும் சுக்கான் கல் விளைந்தது என்பதற்கு இது சான்று. வறண்ட தட்பவெப்பமும் கால்சியம் தரும் பாறையும் அவ்வப்போது நனைந்து காயும் மண்ணும் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

அன்றைய நிலம் முற்றிலும் உயிரற்றதும் அல்ல. அரிசோனாவின் மெஸ்கல் சுண்ணாம்புக்கல், சுமார் 120 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு மேலே எழுந்து, மழையில் கரைந்து, குழியும் குகையுமாக அரிபட்டது. அந்தப் பழங்குழிகளில் நிரம்பிய பொருளில் நுண்ணுயிர்களின் புதைபடிவங்கள் இருப்பதை ராபர்ட் ஹொரோடிஸ்கியும் பால் நாத்தும் 1994இல் வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவில் சுமார் 80 கோடி ஆண்டுப் பழமையுள்ள பெக் ஸ்பிரிங் டோலமைட்டிலும் அவ்வாறே கிடைத்தன. 2009இல் பால் நாத்தும் மார்ட்டின் கென்னடியும் இன்னொரு படி மேலே சென்றார்கள். சுமார் 85 கோடி ஆண்டுகளுக்கு முன்தொட்டு உருவான கார்பனேட் பாறைகளில், ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளின்) விகிதத்தில் தெரியும் மாற்றத்துக்கு, நிலத்தை அன்றே மூடியிருந்த பசுமைப் படலம் வழியே வடிந்த நிலத்தடி நீரே காரணம் என்றார்கள். உயர்தாவரங்களுக்கு வெகு முன்பே பாசியும் பூஞ்சையும் நிலத்தைப் பரவலாக மூடிவிட்டன என்ற இக்கருத்து இன்றும் விவாதத்தில் உள்ளது.

ஏன் இவ்வளவு அரிது

செடிக்கு முந்தைய நிலத்துச் சுண்ணாம்புக்கற்களில் ஏரியையும் ஊற்றையும் சார்ந்தவையே எண்ணிக்கையில் மிகுதி. சுக்கான் கல்லும் கல்விழுதும் அரிது. இதற்கு ஒரு காரணம் அழிவு. நிலத்தில் உருவாகும் பாறை மழைக்கும் ஆற்றுக்கும் எந்நேரமும் இலக்காவது. கடலடிப் பாறைபோல் வண்டலில் பத்திரமாகப் புதைவதில்லை. புதைந்தாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளின் வெப்பமும் அழுத்தமும் படிகங்களை மாற்றி, அடையாளத்தை மறைத்துவிடும்.

இன்னொரு காரணம் தரையின் நிலையின்மை. சுக்கான் கல் ஒரு மழைக்காலத்தில் விளைவதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பாலைநிலங்களில் லேலண்ட் கைலும் உடன் பணியாற்றியோரும் 1966இல் இதன் வளர்ச்சியை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். முதலில் கூழாங்கற்களின் மேல் மெல்லிய வெண்பூச்சும் மண்ணில் நூலிழைகளும் தோன்றும். அடுத்து முண்டுகள் உருவாகும். பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து மண்ணிடுக்குகளை அடைத்துவிடும். இறுதியில், கீழே இறங்க வழியில்லாத நீர் அந்த அடைப்பின் மேல் தேங்கி, தகடு தகடாகக் கல்லைப் படியவைக்கும். கடைசி நிலையை எட்டப் பல பத்தாயிரம் ஆண்டுகள் முதல் லட்சக்கணக்கான ஆண்டுகள்வரை ஆகலாம். அத்தனை காலமும் தரை அரிபடாமலும் புது வண்டலில் ஆழப் புதையாமலும் இருந்தாக வேண்டும்.

செடி இல்லாத உலகில் அத்தகைய தரை குறைவு. கரையைப் பிடித்துவைக்க வேர் இல்லாததால் ஆறுகள் அகன்று, பல கிளைகளாகப் பிரிந்து, இடம் மாறிக்கொண்டே ஓடின. மெல்லிய களிமண் நிலத்தில் தங்காமல் கடலுக்குப் போனது. காற்றும் அள்ளிச் சென்றது. 2018இல் வில்லியம் மக்மாஹன், நீல் டேவிஸ் ஆகிய இருவரும் உலகின் ஆற்றுப் படிவுகளைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். நிலத்தாவரங்கள் தோன்றிய காலத்தை ஒட்டி, ஆற்றுப் படிவுகளில் சேற்றுப்பாறையின் பங்கு திடமாக உயரத் தொடங்குவதை அந்த ஒப்பீடு காட்டியது. செடிகள் சேற்றை உண்டாக்கவும் உதவின, பிடித்துவைக்கவும் உதவின. பரந்த, அமைதியான வெள்ளச் சமவெளிகள் உருவாக அதுவே வழி.

செடிகளின் வரவு

மிகப் பழைய நிலத்தாவர வித்துகள் அர்ஜெண்டினாவில், சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆர்டோவிசியன் காலத்துப் பாறைகளில் கிடைக்கின்றன. செடியின் உடலே கல்லில் பதிந்த பழைய சான்று, சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய குக்சோனியா. சில சென்டிமீட்டர் உயரமே உள்ள இதற்கு இலையும் இல்லை, சொல்லத்தக்க வேரும் இல்லை. ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்தில் வெந்நீர் ஊற்றின் சிலிக்கா மூடிக் காத்த சுமார் 40.7 கோடி ஆண்டுப் பழமையான செடிகளில், பூஞ்சை இழைகள் திசுக்களுக்குள் குடியிருப்பது இன்றும் நுண்ணோக்கியில் தெரிகிறது. அதற்கு அடுத்த இரண்டு கோடி ஆண்டுகளில் மரங்களே வந்துவிட்டன. நியூயார்க் மாநிலத்தில் கெய்ரோ என்ற ஊருக்கு அருகே, சுமார் 38.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காட்டின் தரை கிடைத்தது. ஆர்க்கியாப்டெரிஸ் மரங்களின் வேர்கள் 11 மீட்டர்வரை கிளைத்து ஓடிய தடம் அதில் உள்ளது.

வேர் ஆழமாக இறங்கியதும் மண்ணின் வேதியியல் மாறியது. வேரின் மூச்சு மண்காற்றில் கரியமில வாயுவைக் கூட்டியது. வேரும் அதனுடன் கூட்டுச்சேர்ந்த பூஞ்சையும் சுரந்த அமிலங்கள் பாறைத் துகள்களைச் சிதைத்துக் கால்சியத்தை விடுவித்தன. நீரை உறிஞ்சும் செடி அதில் உள்ள கால்சியம் முழுவதையும் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் வேரைச் சுற்றியே தேங்கியது. வறண்ட பருவத்தில் அந்தத் தேக்கம் கல்லானது. ஏரிக்கும் ஊற்றுக்கும் அருகில் மட்டும் பெரும்பாலும் தங்கியிருந்த சுண்ணாம்புக்கல், மழை குறைந்த சமவெளிகள் எங்கும் மண்ணுக்குள்ளேயே விளையத் தொடங்கியது.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததல்ல. பிரிட்டனின் செந்நிற மணற்பாறைத் தொகுதி இதை விளக்குகிறது. வேல்ஸ், ஹியர்ஃபோர்ட்ஷயர் பகுதிகளில் சிலூரியன் முடிந்து டெவோனியன் தொடங்கும் எல்லையை ஒட்டி, ‘பிஷப்ஸ் ஃப்ரோம் சுண்ணாம்புக்கல்’ என்ற அடுக்கு பெரும்பரப்பில் தொடர்ந்து செல்கிறது. உள்ளூரார் இத்தகைய முண்டுக் கற்களைக் ‘கார்ன்ஸ்டோன்’ என்று அழைத்து, சூளையில் சுட்டு வயலுக்குச் சுண்ணாம்பாக இட்டார்கள். இது முதிர்ந்த கால்கிரீட். ஆனால் சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் இது விளைந்தபோது, செடிகள் விரல் உயரமே இருந்தன. ஆழமான வேர் எதற்கும் இல்லை. ஆகவே இந்தக் கல்லுக்கு வழிவிட்டது வேரின் மூச்சைக் காட்டிலும், சேறு தங்கி நெடுங்காலம் அசையாமல் கிடந்த தரையே எனலாம். வேரின் நேரடிக் கைவண்ணம் மரங்களின் காலத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது.

கல்லான வேர்

அந்தக் கைவண்ணத்தின் தெளிவான வடிவம் வேர்க்கல். உயிருள்ள அல்லது மக்கும் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு உறைபோல் படிந்து, வேர் அழிந்தபின் குழாயாக எஞ்சும். 1980இல் காலின் கிளாப்பா இவற்றை ஐந்தாக வகைப்படுத்தினார்: வேர் இருந்த வெறும் துளை, அத்துளையை நிரப்பிய வார்ப்பு, வேரைச் சுற்றிய குழாய், வேரைச் சுற்றித் திரண்ட முண்டு, வேரின் உயிரணுக்களே கல்லாக மாறிய உரு.

தமிழ்நாட்டின் தென்கோடிக் கடற்கரையில், பழைய மணற்குன்றுகள் சுண்ணாம்பால் இறுகிப் பாறையான இடங்களில் இவற்றைக் காணலாம். விரல் பருமனுள்ள வெளிறிய குழாய்கள் மணற்பாறையிலிருந்து நிமிர்ந்து நிற்கும். சுற்றியிருந்த தளர்ந்த மணலைக் காற்று அரித்துவிட, கடினமான குழாய் மட்டும் எஞ்சிவிடுகிறது. ஒன்றை உடைத்துப் பார்த்தால் நடுவே ஓட்டையோ பழுப்புக் கோடோ இருக்கும். அதுதான் வேர் இருந்த இடம். கிளைகள் கீழே போகப்போக மெலியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துச் சீறும். நண்டு, புழு போன்றவை குடைந்த வளைகள் இப்படிப் படிப்படியாக மெலிந்து கிளைப்பதில்லை என்பதால், பழைய பாறையில் வேரை இனங்காண இந்த மெலிவு நம்பகமான அடையாளம்.

ஏரி, ஊற்று, குகை

நீர்நிலைகளிலும் செடிகள் தம் பங்கைச் செய்தன. நிலத்தாவரங்களுக்கு நெருங்கிய உறவான காராப் பாசிகள் தம் தண்டின் மேலும் வித்தகத்தின் மேலும் சுண்ணாம்பு உறை கட்டுபவை. சுருள் வரியுடன் கடுகளவு உருண்டையாக இருக்கும் அவற்றின் வித்தகப் புதைபடிவங்கள் சிலூரியன் இறுதியிலிருந்து கிடைக்கின்றன. அன்றுமுதல் நன்னீர் ஏரிகளில் வெண்சேறு சேர்வதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

சாதாரண ஊற்றுகளில் விளையும் துளைமிகுந்த கல்லுக்கு டூஃபா என்று பெயர். மாஸ் செடிகள் ஊற்று நீரில் நனைந்து நுனியில் வளர, அடிப்பகுதி சுண்ணாம்பில் புதைந்துகொண்டே வரும். செடி மக்கியபின் அதன் இலையும் தண்டும் இருந்த இடம் துளைகளாகிவிடும். குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகளைத் தடுத்து நிற்கும் அணைகள் இவ்வாறு வளர்ந்தவை, இன்றும் வளர்பவை. ரோமாபுரியின் கொலோசியம் கட்டப்பட்ட திவோலி டிராவர்டைன், ஆழத்து வாயுவைச் சுமந்து வரும் வெந்நீரில் படிந்தது. அந்த வகைக் கல்லுக்குச் செடி கட்டாயமில்லை. பெச்செங்காவில் நடந்ததன் தொடர்ச்சி அது. ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கர்க்டனில் வெந்நீரும் செடிகளும் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, எரிமலை வெந்நீர் கலந்த ஏரியின் சுண்ணாம்புக்கல்லில் செடிகளும் தேள்களும் நான்குகால் விலங்குகளும் பதிந்துள்ளன. 1980களில் ஸ்டான் வுட் அங்கே கண்டெடுத்த வெஸ்ட்லோதியானா என்ற நான்குகால் விலங்கு அவற்றுள் புகழ்பெற்றது.

குகைகளில் கல்விழுதும் கல்முளையும் வளர, மேலே வாயு செறிந்த மண்ணும் கீழே காற்றோட்டமுள்ள வெற்றிடமும் தேவை. செடிகள் வந்தபின் இந்த இணைப்பு எங்கும் கிடைத்தது. ஒக்லஹோமாவின் ரிச்சர்ட்ஸ் ஸ்பர் குவாரியில், பழங்குகையொன்றின் படிவுகளை யுரேனியம்-ஈயம் முறையில் கணித்தபோது சுமார் 28.9 கோடி ஆண்டு என்று தெரிந்தது. அக்குகைக்குள் விழுந்த பெர்மியன் காலத்து ஊர்வனவற்றின் எலும்புகளுக்கும் அதுவே காலக்கணக்கைத் தந்தது.

கல்லில் பதிந்த மூச்சு

கார்பனில் எடை குறைந்த கார்பன்-12, சற்றுக் கனமான கார்பன்-13 என்று நிலையான இரு வகை உண்டு. ஒளிச்சேர்க்கை எடை குறைந்ததையே விரும்பி எடுக்கிறது. அதனால் வேர் வெளிவிடும் வாயுவிலும், அதிலிருந்து விளையும் சுக்கான் கல்லிலும் கார்பன்-13 குறைந்திருக்கும். வெளிக்காற்றிலிருந்து விளைந்த கல்லில் அந்தக் குறைவு இராது. மண்ணுக்குள் இரண்டும் கலப்பதால், கலப்பின் விகிதத்தைக் கொண்டு அன்றைய வெளிக்காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருந்தது என்று கணிக்கலாம். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் தூரே செர்லிங் இந்த முறையை வகுத்தார். 1996இல் கிளாடியா மோராவும் உடன் பணியாற்றியோரும் இதைச் சிலூரியன் முதல் பெர்மியன்வரையான பழைய மண்களில் பயன்படுத்தினார்கள். மரங்கள் பரவிய காலத்தில் வளிமண்டலக் கரியமில வாயு செங்குத்தாகச் சரிந்து, பெர்மியன் தொடக்கத்தில் இன்றைய அளவை நெருங்கியதாக அவர்கள் கண்டார்கள். பின்வந்த ஆய்வுகள் தொடக்க அளவுகளைக் குறைத்து மதிப்பிட்டாலும் சரிவு என்பதில் கருத்து ஒன்றே. வேர்கள் பாறைச் சிதைவை விரைவுபடுத்தியதும், மக்காத தாவரப் பொருள் நிலக்கரியாகப் புதைந்ததும் அதற்குக் காரணங்கள்.

செடிகளின் வரலாற்றில் பிந்தைய திருப்பம் ஒன்றும் இக்கல்லில் பதிவாகியுள்ளது. சோளம், கரும்பு போன்ற வெப்பநிலப் புற்கள் ஒளிச்சேர்க்கையில் வேறு வழியைக் கையாள்கின்றன. சி4 எனப்படும் அந்த வழியில் கார்பன்-13 அவ்வளவாகக் குறைவதில்லை. பாகிஸ்தானின் பொட்வார் மேட்டு நிலத்துச் சிவாலிக் பாறைகளில் உள்ள சுக்கான் முண்டுகளை ஜே குவேட், செர்லிங், ஜான் போமன் ஆகியோர் 1989இல் ஆராய்ந்தார்கள். ஒரு தரக்கல்லுடன் ஒப்பிட்டுக் கணக்கிடும் கார்பன்-13 அளவு நெடுங்காலம் ஆயிரத்துக்கு மைனஸ் 10ஐ ஒட்டி நின்று, சுமார் 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மேலேறி, பூஜ்யத்தை எட்டியது. மரமும் புதரும் மிகுந்திருந்த சமவெளி புல்வெளியானதை, புல்லின் ஒரு தாளும் எஞ்சாத இடத்தில் இம்முண்டுகள் தெரிவித்தன.

இன்றும் உலகின் வறண்ட, அரைவறண்ட நிலங்களில் சுக்கான் கல் விளைந்துகொண்டிருக்கிறது. தமிழகத்தில் இதைச் சூளையில் சுட்டுக் கட்டடச் சுண்ணாம்பு எடுப்பது பழைய வழக்கம். கல்லை விட்டு அப்போது வெளியேறும் வாயுவில் ஒரு பகுதி எப்போதோ வேர்கள் விட்ட மூச்சு. செடியே அரிதான இடங்களில் மட்டும் பழைய முறை தொடர்கிறது. சிலியின் அட்டகாமா பாலையில் மழை குறையக் குறைய, மண் கார்பனேட்டில் வேர்மூச்சின் சாயல் மங்கி, வெளிக்காற்றின் சாயல் மேலோங்குகிறது. காப்பர் ஹார்பரின் கூழாங்கற்களுக்கு இடையே 110 கோடி ஆண்டுகளுக்கு முன் விளைந்த கல்லுக்கு இன்றுள்ள நெருங்கிய உறவு அங்கேதான் இருக்கிறது.